வீட்டுத் தொலைபேசியில் ஆன்சரிங் மெஷினும் வாய்ஸ்மெயிலும்: அமைக்கும் முறை

வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் அழைப்பை ஏற்று, அழைத்தவர் சொல்வதைப் பதிவு செய்துவைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தொலைபேசியின் பக்கத்திலோ அதன் உள்ளேயோ இருக்கும் ஆன்சரிங் மெஷின். மற்றது, தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்தில் இயங்கும் வாய்ஸ்மெயில் சேவை. அழைப்பவரின் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்: சில மணிகள், ஒரு வரவேற்புச் செய்தி, பிறகு ஒரு ‘பீப்’ ஒலி. ஆனால் அழைப்பு எந்த இடத்தில் ஏற்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடுகள் எல்லாம் அடங்கியுள்ளன. அமைக்கும்போது ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவையும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

ஆன்சரிங் மெஷினுக்கு மணி அடித்தாக வேண்டும். நீங்கள் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அழைத்தால் அவருக்கு எங்கேஜ்டு ஒலிதான் கிடைக்கும். மெஷினுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்ததே தெரியாது. மின்சாரம் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வரும் லைன் பழுதானாலும் இதே நிலைதான். வாய்ஸ்மெயிலோ வீட்டுக்கு வெளியே இருப்பதால் இந்த மூன்று சமயங்களிலும் அழைப்பை ஏற்க வல்லது. மெஷினின் பக்கத்திலும் சொல்வதற்கு நிறைய உண்டு. அதற்கு மாதக் கட்டணம் இல்லை, செய்தி உங்கள் கையிலேயே இருக்கிறது, புதிய செய்தி வந்திருப்பதை மினுக்கும் விளக்கு காட்டிவிடுகிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் கேட்டுவிடலாம். அழைத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் கேட்டு, வேண்டியவர் என்றால் ரிசீவரை எடுத்துப் பேசுகிற வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு; இணைப்பகத்தில் உள்ள வாய்ஸ்மெயிலில் பொதுவாக அது கிடைப்பதில்லை.

எனவே, ரகசிய எண், மெனு என்று அலைவதை விரும்பாத முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மெஷினையே நான் பரிந்துரைப்பேன். லைன் அடிக்கடி பேச்சில் இருக்கும் வீட்டுக்கும், மின்தடை மிகுந்த இடத்துக்கும் வாய்ஸ்மெயில் பொருந்தும். இரண்டையும் சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். அதற்குரிய முறையைப் பின்னர் பார்ப்போம்.

மெஷினை இணைத்தல்

தனியாக விற்கப்படும் மெஷினின் பின்புறத்தில் இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும். ‘லைன்’ என்று குறிக்கப்பட்டதிலிருந்து சுவரில் உள்ள தொலைபேசி சாக்கெட்டுக்கு ஒரு வயர் செல்ல வேண்டும். ‘ஃபோன்’ அல்லது ‘டெல்’ என்று குறிக்கப்பட்டதில் உங்கள் தொலைபேசியைச் செருக வேண்டும். இவற்றை மாற்றிச் செருகிவிட்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்பவர்கள் குறைவல்ல. கார்ட்லெஸ் போனில் மெஷின் உள்ளேயே அமைந்திருந்தால் ஒரே வயர்தான். அது பேஸ் யூனிட்டிலிருந்து சுவருக்குச் செல்லும். அடாப்டரைப் பொறுத்தவரை, கருவியோடு வந்ததைத் தவிர வேறு எதையும் பயன்படுத்த வேண்டாம். முனை பொருந்துகிறது என்பதால் மின்னழுத்தமும் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

அதே தொலைபேசி வயரில் டிஎஸ்எல் இணையமும் வந்தால், சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில், இணையச் சைகையைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். இல்லையென்றால் பதிவாகும் ஒவ்வொரு செய்தியிலும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கலந்திருக்கும். இணைப்பு ஃபைபர் வழியாக வந்தால் சுவர் சாக்கெட்டை மறந்துவிட்டு, நிறுவனம் பொருத்திய மோடத்தின் பின்புறத்தில் உள்ள தொலைபேசித் துளையில் செருகுங்கள். பழைய செம்புக்கம்பி இணைப்பில் இணைப்பகமே சுமார் 48 வோல்ட் மின்சாரத்தை லைனில் அனுப்புவதால் சாதாரணத் தொலைபேசி மின்தடையிலும் பேசும். ஃபைபரில் அது கிடையாது. மோடத்துக்கு மின்சாரம் போனால் தொலைபேசியும் போகும், மெஷினும் போகும்.

இணைத்து முடித்ததும் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு முதல் வேலையாகத் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். செய்தியின் முன்னாலோ பின்னாலோ ‘செவ்வாய், காலை 3 மணி’ என்று மெஷின் சொல்ல, அழைத்தவரோ ‘இன்று மாலை வருகிறேன்’ என்று சொல்லியிருந்தால், எந்த மாலை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

எத்தனை மணி அடித்த பிறகு எடுக்க வேண்டும்

அமைப்பு முழுவதிலும் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டியது இதுதான். மணிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைத்தால் வீட்டில் இருப்பவர் போனை எட்டுவதற்குள் மெஷின் முந்திக்கொள்ளும். கூட்டி வைத்தால் அழைத்தவர் பொறுமை இழந்து வைத்துவிடுவார்.

கையேடுகள் மணியை எண்ணிக்கையில் சொல்கின்றன. ஆனால் ஒரு மணி எவ்வளவு நேரம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க முறையில் 2 நொடி ஒலி, 4 நொடி மௌனம் என ஒரு சுற்றுக்கு 6 நொடி ஆகும். பிரிட்டன் முறையில் அடுத்தடுத்து இரு சிறு ஒலிகளும் 2 நொடி மௌனமுமாகச் சுற்று 3 நொடியில் முடிந்துவிடும். ஆகவே ‘4 மணி’ என்று வைத்தால் ஓரிடத்தில் சுமார் 24 நொடியும் வேறோரிடத்தில் சுமார் 12 நொடியும் கிடைக்கும். மணியை எண்ணுவதைவிட நொடியை எண்ணுவது நல்லது.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மெஷினை அணைத்துவிட்டு, கைப்பேசியிலிருந்து வீட்டு எண்ணை அழையுங்கள். வீட்டில் மிக மெதுவாக நடப்பவர், போனுக்கு மிகத் தொலைவில் உள்ள அறையிலிருந்து எழுந்து வந்து, ஓடாமல், வழக்கமான நடையில் ரிசீவரை எடுக்கட்டும். அதுவரை எத்தனை மணி அடித்தது என்று எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டால் உங்கள் வீட்டுக்குரிய எண் கிடைத்துவிடும். எல்லோருக்கும் பொருந்தும் எண் என்று ஒன்றைக் கையேடு அச்சிட்டிருந்தாலும் அதை அப்படியே வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒரே மணியில் எடுக்கும்படி அமைப்பதைத் தவிர்க்கவும். சில இணைப்புகளில் அழைப்பவரின் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட மௌனத்தில்தான் அனுப்பப்படுகிறது. முதல் மணியிலேயே மெஷின் எடுத்துவிட்டால் யார் அழைத்தார் என்பது திரையில் பதியாது.

பல மெஷின்களில் ‘டோல் சேவர்’ என்றொரு தேர்வும் இருக்கும். புதிய செய்தி இருந்தால் 2 மணியிலும், இல்லாவிட்டால் 4 மணியிலும் எடுக்கும் ஏற்பாடு இது. எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி சற்று மாறலாம். வெளியூரிலிருந்து செய்தி கேட்க அழைக்கும் நீங்கள், மூன்றாவது மணி அடித்தவுடன் ‘ஒன்றும் இல்லை’ என்று புரிந்துகொண்டு, இணைப்பு ஏற்படும் முன்னரே வைத்துவிடலாம். கட்டணம் ஏதும் ஆகாது. தொலைதூர அழைப்புக்கு அஞ்சிய காலத்தில் பிறந்த தந்திரம் இது. இப்போதும் அயல்நாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கு உதவும். ஆனால் செய்தி இருக்கும் நாட்களில் மெஷின் இரண்டே மணியில் எடுத்துவிடும் என்பதால், வீட்டில் மெதுவாக நடப்பவர் இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வரவேற்புச் செய்தி

நீங்கள் எதுவும் பதிவு செய்யாவிட்டால் மெஷின் தன்னிடமுள்ள இயந்திரக் குரலில், தனக்குத் தெரிந்த மொழியில் பதில் சொல்லும். அதைக் கேட்டதும் தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டோம் என்று எண்ணி வைத்துவிடுபவர்கள் பலர். தெரிந்த குரல் ஒன்று கேட்டால்தான் அவர்கள் பேசுவார்கள்.

பதிவு செய்வதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். மைக்கிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தள்ளி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசுங்கள். மிக அருகில் போனால் ‘ப’ போன்ற ஒலிகள் வெடித்துக் கேட்கும். பீப் ஒலி வந்ததும் உடனே தொடங்காமல் ஒரு நொடி விட்டுத் தொடங்குங்கள். லைன் திறக்கும் அந்தக் கணத்தில் முதல் அசை விழுங்கப்பட்டு, ‘வணக்கம்’ என்பது ‘ணக்கம்’ என்று போய்ச் சேரும். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துப் படிப்பது தவறில்லை. ஆனால் படிப்பதுபோல் தெரியாமல் வரும்வரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள்.

எதைச் சொல்வது? 15 நொடிக்குள் முடிகிற மாதிரி இவ்வாறு வைத்துக்கொள்ளலாம்: “வணக்கம். இப்போது எங்களால் போனை எடுக்க இயலவில்லை. பீப் ஒலிக்குப் பிறகு உங்கள் பெயரையும் எண்ணையும் விஷயத்தையும் சொல்லுங்கள். எண்ணை நிதானமாக இரண்டு முறை சொன்னால் நாங்களே திரும்ப அழைக்கிறோம். நன்றி.”

இதில் இடம்பெறாதவற்றையும் கவனிக்கவும். ‘வீட்டில் யாரும் இல்லை’, ‘ஊருக்குப் போயிருக்கிறோம்’, ‘பதினைந்தாம் தேதிதான் திரும்புவோம்’ என்பவையெல்லாம் யார் வேண்டுமானாலும் அழைத்துக் கேட்கக்கூடிய அறிவிப்புகள். பூட்டிய வீட்டின் கதவில் தேதி எழுதி ஒட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. ‘எடுக்க இயலவில்லை’ என்பது குளியலறையில் இருப்பவருக்கும் பொருந்தும், கடல் கடந்தவருக்கும் பொருந்தும். தனியாக வசிப்பவர் ‘எங்களால்’ என்று பன்மையில் சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான். பின்னணி இசை, குழந்தையின் மழலை ஆகியவற்றை இரண்டாவது முறை கேட்பவருக்கே சலித்துவிடும். அவசரத்தில் அழைப்பவருக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

பதிவானதை மெஷினின் ஸ்பீக்கரில் கேட்டு நிறைவடைந்துவிட வேண்டாம். கைப்பேசியிலிருந்து அழைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்த குரல் லைன் வழியாகப் போகும்போது மங்கிவிடுவது வழக்கம்.

பதிவு நேரமும் நினைவகமும்

ஒவ்வொரு செய்தியின் நீளத்தையும் 1 நிமிடம், 3 நிமிடம் என்று வரையறுக்க மெனுவில் இடம் இருக்கும். 3 நிமிடம் போதுமானது. 1 நிமிடம் என்றால் முகவரி சொல்லிக்கொண்டிருக்கும் பாதியில் துண்டித்துவிடும். அதே பட்டியலில் ‘வரவேற்புச் செய்தி மட்டும்’ என்றொரு தேர்வும் ஒளிந்திருக்கும். அதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டால் மெஷின் அழைப்பை ஏற்கும், வாழ்த்தும், ஆனால் எதையும் பதிவு செய்யாது.

ஒலியைக் காந்தத்தில் பதிக்கும் முயற்சியே தொலைபேசிச் செய்திகளை மனத்தில் கொண்டு தொடங்கியதுதான். டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பௌல்சன் 1898இல் உருவாக்கிய டெலிகிராஃபோன் எஃகுக் கம்பியில் குரலைப் பதித்தது. பின்னர் பல ஆண்டுகள் கேசட் நாடாக்கள் அந்த வேலையைச் செய்தன. இன்றைய மெஷின்களில் சிப் இருக்கிறது. மின்சாரம் போனாலும் அதில் உள்ள செய்திகள் அழிவதில்லை. பழைய டிஜிட்டல் மெஷின் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்கள் மட்டும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் இருந்தால், பேட்டரி இல்லாத நிலையில் மின்தடையின்போது எல்லாமே அழியக்கூடும்.

நினைவகம் நிரம்பிவிட்டால் சில மெஷின்கள் அழைப்பையே எடுக்காது. சில எடுத்து, ‘இடமில்லை’ என்று சொல்லும். கேட்டு முடித்தவற்றை அவ்வப்போது அழித்துவிடுவதே இதற்கு வழி.

வெளியிலிருந்து கேட்க

வெளியிலிருந்து வீட்டு எண்ணை அழைத்து, வரவேற்புச் செய்தி ஓடும்போது ரகசிய எண்ணை அழுத்தினால் மெஷின் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளின் சேர்க்கையை எழுப்புவதால்தான் மெஷினால் எண்களைப் பிரித்தறிய முடிகிறது. ஆகவே டோன் முறையில் இயங்கும் எந்தப் போனிலிருந்தும் இதைச் செய்யலாம். சுழற்றும் டயல் உள்ள பழைய போனிலிருந்து முடியாது. எந்த எண்ணை அழுத்தினால் கேட்கலாம், எதை அழுத்தினால் அழியும் என்ற பட்டியலைச் சிறு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ரகசிய எண்ணை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

கருவியோடு வரும் ரகசிய எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள். அந்த எண் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. கையேடு இணையத்தில் இருக்கிறது. பிரிட்டனில் பிறரது வாய்ஸ்மெயில் பெட்டிகளுக்குள் நுழைந்து செய்தி சேகரித்த விவகாரம் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற வார இதழ் 2011இல் மூடப்படும் அளவுக்குப் போனது. மாற்றப்படாத தொடக்க ரகசிய எண்களும் எளிதில் ஊகிக்கக்கூடிய எண்களும் அப்படி நுழைந்தவர்களுக்கு வழிவிட்டவற்றில் அடங்கும். பிறந்த ஆண்டு, தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றையும் தவிர்க்கவும்.

மெஷினை இயக்கிவைக்க மறந்து கிளம்பிவிட்டால், சில மாதிரிகளில் வழி உண்டு: வீட்டு எண்ணை அழைத்து, 10 அல்லது 15 மணி அடிக்கும்வரை காத்திருந்தால் மெஷின் எடுக்கும், ரகசிய எண்ணைக் கொடுத்து இயக்கிவிடலாம்.

வாய்ஸ்மெயில் சேவை

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு, உங்கள் எண்ணுக்குச் சேவையை இயக்கச் செய்ய வேண்டும். அப்போதே சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டிலிருந்து பெட்டியைத் திறக்கும் எண், வெளியிலிருந்து திறக்கும் எண், தொடக்க ரகசிய எண், எத்தனை நொடிக்குப் பிறகு அழைப்பு பெட்டிக்குப் போகும், அதை மாற்றும் முறை, சேமித்த செய்தி எத்தனை நாள் தங்கும். கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் அரிது; கேட்டு முடித்த செய்திகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு பல நிறுவனங்கள் தாமாகவே நீக்கிவிடுகின்றன.

முதன்முறை பெட்டியைத் திறக்கும்போது ஒரு குரல் உங்களைப் படிப்படியாக அழைத்துச் செல்லும்: புதிய ரகசிய எண், பெயர், வரவேற்புச் செய்தி. நடுவில் வைத்துவிடாமல் இறுதிவரை செல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் சில சேவைகளில் பெட்டி இயங்கத் தொடங்காது.

பிறகு, அழைப்பு எந்தெந்த நிலையில் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். எடுக்காதபோது, பேச்சில் இருக்கும்போது, லைன் பழுதாக இருக்கும்போது என்று இவை தனித்தனி ஏற்பாடுகள். சில நிறுவனங்களில் ஒவ்வொன்றையும் ஸ்டார், ஹேஷ் குறிகளோடு கூடிய எண்களை டயல் செய்து இயக்க வேண்டியிருக்கும். எல்லா அழைப்புகளையும் உடனடியாகத் திருப்பிவிடும் ஏற்பாடும் இவற்றின் அருகிலேயே இருக்கிறது. அதைத் தவறுதலாக இயக்கிவிட்டால் வீட்டில் மணியே அடிக்காது. இயக்கும் எண்ணை எழுதும்போதே ரத்து செய்யும் எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய செய்தி வந்திருப்பதை இணைப்பகம் டயல் டோன் மூலம் அறிவிக்கும். ரிசீவரை எடுத்ததும் டோன் தொடர்ச்சியாக வராமல் சில நொடிகள் விட்டுவிட்டு ஒலிக்கும். கார்ட்லெஸ் போனில் எண்ணை அழுத்திவிட்டுப் பிறகு காதில் வைப்பவர்களுக்கு இது ஒருபோதும் கேட்பதில்லை. செய்திகள் வாரக்கணக்கில் கிடக்கும். அத்தகையவர்கள், இணைப்பகத்தின் சைகையைப் பெற்று விளக்கு எரியவிடும் போனை வாங்குவதோ, நிறுவனம் அளித்தால் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அறிவிப்பு பெறுவதோ நல்லது. ஃபிரிட்ஸ்பாக்ஸ் போன்ற சில ரவுட்டர்களில் ஆன்சரிங் மெஷின் உள்ளேயே அமைந்திருக்கிறது. பதிவான குரலை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிடும்.

இரண்டும் சேர்ந்தால்

மெஷின், வாய்ஸ்மெயில் இரண்டும் இயங்கும் வீட்டில் நேரம் குறைவாக வைக்கப்பட்டதே அழைப்பை எடுக்கும். மற்றது சும்மா இருக்கும். மெஷின் வாங்கியபின் அதில் ஒரு செய்தியும் பதிவாவதில்லை என்று குறைப்படுவோரில் பலருக்குத் தெரியாமலேயே வாய்ஸ்மெயில் இயங்கிக்கொண்டிருக்கும். பாதி செய்தி இங்கும் பாதி செய்தி அங்கும் சேர்வதும் உண்டு.

நான் விரும்பும் ஏற்பாடு இது: மெஷினை முதலில் எடுக்க விட்டு, வாய்ஸ்மெயிலை அதற்குப் பின்னர் குறைந்தது 10 நொடி கழித்து எடுக்கும்படி தள்ளிவைக்க வேண்டும். வழக்கமான அழைப்புகள் மெஷினில் சேரும். லைன் பிஸியாக இருக்கும்போதும் மின்சாரம் இல்லாதபோதும் வருபவை மட்டும் வாய்ஸ்மெயிலுக்குப் போகும். இதை அமைக்கும்போது மெஷினின் மணி எண்ணிக்கையை மேலே சொன்னபடி நொடியாக மாற்றிக்கொள்ளாவிட்டால் கணக்கு தவறும். நிறுவனம் அனுமதிக்கும் நேரத்துக்கு மேல்வரம்பு இருந்தால், மெஷினில் ஒரு மணியைக் குறைத்துச் சமன்செய்யலாம். ஒரே லைனில் ஃபேக்ஸும் இருந்தால் அதைத் தானாக எடுக்கும் நிலையிலிருந்து மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் போட்டிக்கு வரும்.

சோதித்தலும் கோளாறுகளும்

எல்லாம் முடிந்ததும் கைப்பேசியிலிருந்து அழைத்து ஒரு செய்தியை விடுங்கள். பிறகு வீட்டுப் போனில் யாரையாவது பேசவைத்து, கைப்பேசியிலிருந்து மீண்டும் அழையுங்கள். அடுத்ததாக மெஷினின் அடாப்டரைக் கழற்றிவிட்டு அழையுங்கள். ஒவ்வொரு செய்தியும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

செய்திக்குப் பதிலாக எங்கேஜ்டு ஒலியே நிமிடக்கணக்கில் பதிவாகியிருந்தால், அழைத்தவர் வைத்துவிட்டதை மெஷின் உணரவில்லை என்று பொருள். எதிர்முனை துண்டிக்கப்பட்டதை லைனில் ஒரு கணநேர இடைவெளி மூலம் சில இணைப்பகங்கள் தெரிவிக்கின்றன. தெரிவிக்காத இடங்களில் பதிவு நேரத்தைக் குறைப்பதே எளிய தீர்வு. நீங்கள் வேறு அறையில் ரிசீவரை எடுத்த பின்னும் மெஷின் பதிவு செய்துகொண்டே இருந்தால், அந்தப் போன் மெஷின் வழியாக அல்லாமல் சுவரில் தனியாக இணைக்கப்பட்டிருக்கக்கூடும். மெஷினின் நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டுப் பேசலாம். கருவி மணி அடித்தும் எடுக்காமல் இருந்தால், ‘இயக்கம்’ பொத்தான் அணைந்திருக்கிறதா, நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

தொலைபேசி நிறுவனத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்றை முன்கூட்டியே செய்துவிடுங்கள். எண் உங்களோடு வரலாம். ஆனால் வாய்ஸ்மெயில் பெட்டியில் உள்ள செய்திகள் வருவதில்லை, பழைய இணைப்பு ரத்தாகும் கணத்தில் அவை போய்விடும். வைத்துக்கொள்ள விரும்பும் குரல் ஏதேனும் அதில் இருந்தால், போனின் ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டு, கைப்பேசியின் ஒலிப்பதிவு செயலியில் பதிவு செய்துகொண்ட பிறகே மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.